என்னையவே பாருங்க அம்மிணி

புங்கமடுவில் பிறந்தவர்கள் யாரும் அதுவரை சஃபாரி போனதில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே காடு கிடக்கும்போது அதைப் பார்க்க ஜீப்பில் ஏறிப் போவானேன் என்பது அவர்கள் கட்சி. விடிவதற்குள் எழுந்து, இலைப்பச்சையில் சட்டையும் தொப்பியும் மாட்டி, முழங்கை நீள லென்சு வைத்த கேமராவைக் கைக்குழந்தையைப் போல மடியில் ஏந்திக்கொண்டு, கோயமுத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள்தான் சஃபாரி போவார்கள்; போய், மாங்குயிலையும் பனங்காடையையும் மின்சிட்டையும் மரத்துக்கு மரம் துரத்தி, வெயில் ஏறியதும் பாதிப் பேர் வாலை மட்டும் படம் பிடித்துக்கொண்டு, மீதிப் பேர் அதுவும் கிடைக்காமல், செக்போஸ்ட் கடைக்கு வந்து உட்கார்ந்து, ஒரு நொடியில் தப்பிவிட்டது என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். ஊர்க்காரர்கள் அவர்கள் இலையில் சட்னி ஊற்றுவார்கள். இப்படித்தான் காலம் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஊரின் கல்யாணப் போட்டோக்காரன் சென்னியப்பன். சுற்றுவட்டாரத்தில் அவன் படம் எடுக்காத கல்யாணம் கிடையாது, மேடையில் அவன் வைத்ததுதான் சட்டம். "தலையைச் சித்தெ அந்தப் பக்கம் சாய்ங்க, தாடையைத் தூக்குங்க, என்னையவே பாருங்க, அசையாதீங்க" என்று அவன் சொல்லிவிட்டால் மணமகள் அசைய மாட்டாள், மாமனார் அசைய மாட்டார், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் வந்திருக்கிற எம்.எல்.ஏ. அசைய மாட்டார். பளிச்சென்று வெளிச்சம் அடித்து, கண்ணைக் கேமராவிலிருந்து எடுத்து, "ஆச்சுங்க" என்று அவன் வாயால் சொன்ன பிறகுதான் மேடையே மூச்சு விடும். இத்தனை ஆயிரம் பேர் அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவன் பக்கமே பார்த்தும், அவனை யாரும் பார்த்ததில்லை என்பதுதான் வேடிக்கை. எல்லோரும் பார்த்தது கேமராவை. கேமராவைக் கழற்றி வைத்துவிட்டு அவன் கடைசிப் பந்தியில் போய் உட்கார்ந்தால், அதுவரை அவன் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற பெரியவரே பக்கத்து இலையில் இருந்து, "தம்பி பொண்ணு வீடுங்களா, மாப்பிள்ளை வீடுங்களா?" என்று கேட்பார். வீட்டிலும் பெரிதாக வேறுபாடில்லை. செக்போஸ்ட் பக்கத்து இட்லிக் கடை அவன் மனைவி துளசிமணியுடையது. அவளுக்கு அடுப்பைப் பார்க்க நேரம் சரியாக இருந்தது, அவனுக்கு லென்சைத் துடைக்க நேரம் சரியாக இருந்தது. சண்டை சச்சரவு இல்லாத நல்ல வீடுதான், முகத்தைப் பார்த்துப் பேசுவது மட்டும் எப்போதோ விட்டுப்போயிருந்தது.

கார்த்திகை மாதத்தில் திருப்பூர்க்காரப் புதுஜோடி ஒன்று, காட்டுக்குள் ஜீப்பில் நிற்பது போலப் படம் வேண்டுமென்று அடம் பிடித்தது. அப்படித்தான் சென்னியப்பன் முதல்முதலாகச் சஃபாரி போனான். ஜீப்பை ஓட்டியவன் மாதையன், ஊர் ஜீப் சங்கத்தின் செயலாளர், வாய் ஓயாதவன். ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தி, ஜோடியைப் பல விதமாகச் சாய்த்தும் நிமிர்த்தியும் படம் எடுத்து முடித்த நேரத்தில், விழுந்து கிடந்த மருத மரத்தின் மேல் ஆறுமணிக்குருவி ஒன்று வந்து நின்றது. குளிருக்கு வடக்கேயிருந்து வருகிற குருவி அது. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் தவறாமல் கூப்பிடுவதால் அந்தப் பெயர். குரலை ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆளைப் பார்த்தவர்கள் குறைவு. முதுகில் வெற்றிலைப் பச்சை, தோளில் பளிச்சென்று ஒரு நீலம், நெஞ்சு முழுக்கச் சந்தனம், அடிவயிற்றில் குங்குமம், கண்ணுக்கு நீட்டி இழுத்த மை. யாரோ விடிய விடிய உட்கார்ந்து அலங்காரம் பண்ணி மேடைக்கு அனுப்பி வைத்தது மாதிரி இருந்தது.

சென்னியப்பனுக்குத் தொழில் புத்தி முந்திக்கொண்டது. கேமராவைத் தூக்கி, "அம்மிணி, தலையைச் சித்தெ சாய்ங்க" என்றான். குருவி தலையைச் சாய்த்தது. "இன்னுங் கொஞ்சம். ஆங், அவ்வளவுதான். தாடையைத் தூக்குங்க. என்னையவே பாருங்க. அசையாதீங்க" என்றான். குருவி தாடையைத் தூக்கி, அவனையே பார்த்து, அசையாமல் நின்றது. அவன் விரல் பித்தானைத் தொட்ட அந்தச் சமயத்தில் மூங்கில் புதர் படபடவென்று முறிந்து, ஒற்றை யானை ஒன்று காதை விரித்துக்கொண்டு பாதைக்கு வந்தது. மணப்பெண் வீல் என்று கத்த, மாதையன் வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டி, வந்த வழியே செக்போஸ்ட் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தான். படமும் எடுக்கவில்லை, ஆச்சுங்க என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மாதையன் கடைக்கு வந்து, வெளியூர்க்காரர்களை இலையில் உட்கார வைத்துவிட்டு, அடுப்பங்கரைக்குள் தலையை நீட்டினான்.

"அக்கா, அண்ணன் அந்தக் குருவிகிட்ட ஆச்சுன்னு சொல்லாமயே வந்துட்டாருங்க்கா."

"அதுக்கென்ன இப்போ?" என்றாள் துளசிமணி.

"இன்னும் அங்கயே நிக்குது. தலையச் சாச்ச வாக்குல."

துளசிமணி சாம்பாரை ஒரு கிண்டு கிண்டினாள். "அடப் பாவமே, கழுத்து வலிக்குமே" என்றாள்.

அன்றைக்கே போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அன்றைக்குக் கோபியில் முகூர்த்தம், அடுத்த நாள் நம்பியூரில் வளைகாப்பு, அதற்கடுத்து ஒரு காதுகுத்து. அதற்குள் மாதையன் ஏற்றிப்போன வெளியூர்க்காரர்கள் தங்கள் படங்களை உலகத்துக்கே காட்டிவிட்டார்கள். கண்ணில் படுவதே அதிர்ஷ்டம் என்றிருந்த குருவி, தாடையைத் தூக்கி, தலையைச் சாய்த்து, இறகு ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கும்படி நிற்கிறது என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? தை பிறப்பதற்குள் புங்கமடுவில் டயர் தேய்ந்து திண்டாடிய ஜீப்புகளுக்கெல்லாம் புது டயர் வந்துவிட்டது. துளசிமணி இட்லியோடு பணியாரமும் போட ஆரம்பித்தாள். மருத மரத்தருகே ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக, மணமக்களுக்குத் திருநீறு பூசக் காத்திருக்கும் சொந்தக்காரர்களைப் போல வரிசையில் நின்று, முறை வந்ததும் முன்னால் போய்ப் படம் எடுத்து, நகர்ந்து வழிவிட்டன.

குருவியை ஊர் தன் வீட்டுப் பெண்ணாகவே வைத்துக்கொண்டது. அது இடத்தை விட்டு நகராததால் அதற்கு இரை கொடுப்பதற்கு ஜீப் சங்கம் முறை வைத்தது. கோயில் பூசைக்கு முறை வைப்பது போல, இன்றைக்கு இந்த ஜீப், நாளைக்கு அந்த ஜீப் என்று மண்புழுவும் கரையானும் கொண்டுபோய் ஒரு குச்சி நுனியில் நீட்டினார்கள். மேடையில் நிற்கிற மணப்பெண்ணுக்கு அத்தைக்காரி லட்டைப் பிட்டு ஊட்டினால், தலையலங்காரம் கலையாமல் உதட்டை மட்டும் திறந்து வாங்கிக்கொள்வாளே, அப்படி அதுவும் வாங்கிக்கொண்டது. வெயில் ஏறினால் குடை பிடித்தார்கள். குடை நிழல் முகத்தில் விழுகிறது என்று லென்சுக்காரர்கள் முணுமுணுத்தபோது, "உங்க வீட்டுப் புள்ளயா இருந்தா வெயில்ல நிறுத்துவீங்களா?" என்று மாதையன் ஒரே போடாகப் போட்டான். இத்தனை கண் படுகிறதே என்று ஊர்ப் பெண்களுக்குக் கவலை வந்தது. அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் துளசிமணி உப்பும் வரமிளகாயும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் போய், குருவியை மூன்று சுற்றுச் சுற்றி, துப்பச் சொல்ல முடியாததால் அதற்குப் பதிலாகத் தானே துப்பி, அடுப்பில் போட எடுத்து வந்தாள். மிளகாய் நெடி வரவே இல்லை என்றும், அவ்வளவும் திருஷ்டி என்றும் கடையில் பேசிக்கொண்டார்கள். ரேஞ்சர் ஹெப்சிபா நாகர்கோவில் பக்கத்துக்காரர், கண்டிப்பானவர். அவர் வந்து பார்த்து, யாரும் ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது, புழு கொடுப்பவரும் சுற்றிப் போடுபவரும் மட்டும் இறங்கலாம் என்று உத்தரவு போட்டார்.

குருவி அசையாமல் நின்றது என்றாலும், சென்னியப்பனையே பார்க்க வேண்டும் என்ற சொல்லும் அதன் தலைமேல் இருந்தது. அதனால் அசையாமலே அது திரும்பியது. கடிகாரத்தின் சின்ன முள் போல, பார்க்கிறபோது நின்றது, பார்க்காதபோது நகர்ந்திருந்தது. சென்னியப்பன் கோபிக்குப் போனால் குருவி கிழக்கே பார்த்தது, மலைமேல் போனால் மேற்கே பார்த்தது. ஊருக்கு இது பெரிய வசதியாகப் போய்விட்டது. முகூர்த்தத்துக்கு நேரமாகியும் போட்டோக்காரரைக் காணோம் என்று மணமகள் வீட்டில் பதறினால் மாதையனுக்குப் போன் போடுவார்கள். அவன் காட்டுக்குள்ளிருந்து, "குருவி உங்க ஊர்ப் பக்கமா, தெக்கால திரும்பிக்கிட்டே இருக்குதுங்க, பக்கத்துல வந்துட்டாரு, நீங்க மாலைய எடுங்க" என்பான். அந்தியூரில் ஆல்பம் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சென்னியப்பன் அணைக்கட்டுப் புளியமரத்தடியில் படுத்துத் தூங்கிய கதையெல்லாம் துளசிமணிக்கு இட்லி வேகும் நேரத்துக்குள் வந்து சேர்ந்துவிடும். அவள் கோபப்படவில்லை. அடுத்த தடவை அவன் கிளம்பும்போது ஒரு தலையணையை எடுத்து வண்டியில் வைத்தாள்.

லென்சுக்காரர்களும் இதைக் கண்டுகொண்டார்கள். விடிந்ததும் வெளிச்சம் கிழக்கேயிருந்து வருகிறது, குருவியோ மேற்கே பார்த்து முகத்தை இருட்டில் வைத்திருக்கிறது என்றால், "சென்னியப்பன் அண்ணா, நீங்க சித்த அந்த அரிசி மில்லு பக்கம் போய் நிக்க முடியுமா?" என்று போன் வரும். அவன் போய் நிற்பான். "இன்னும் கொஞ்சம் தள்ளி... அங்கதான், அங்கதான்... அசையாதீங்கண்ணா" என்பார்கள். காலமெல்லாம் ஊரை நிறுத்தி வைத்தவன் இப்போது நெல் காய்கிற களத்தில், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். மில்லுக்காரர் ஒரு நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்.

அவனுக்கு அதில் வருத்தமே இல்லை என்பதுதான் உண்மை. மோர் குடித்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, மூங்கிலும் உண்ணிச்செடியும் தாண்டி, ஓடையும் தாண்டி, அக்கரையிலிருந்து மை தீட்டிய ஒரு கண் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைப்பான், நெஞ்சுக்குள் வெதுவெதுவென்று ஏதோ நிறையும். கேமராவையல்ல, அவனை. அவன் தினமும் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தான். கண்ட இடத்தில் வெற்றிலை துப்புவதை விட்டான். சட்டையை உள்ளே விட்டு இடுப்புவார் கட்டினான். தனியாக ரோட்டில் நடந்தாலும் தோளை நிமிர்த்தி, பார்க்கிற ஆள் உள்ளவன் நடக்கிற நடை நடந்தான். பந்தியில் யாராவது நீங்கள் எந்த வீடு என்று கேட்டால், "ஆறுமணிக்குருவி பாக்குது பாருங்க, அந்தச் சென்னியப்பன் நானுங்க" என்பான், பந்தியே திரும்பும். சாம்பார் இரண்டாம் தடவையும் வரும்.

பங்குனி போய்ச் சித்திரை பிறந்தது. காட்டில் காலையும் மாலையும் ஆறு மணிக்கு எழும் கூப்பாடு நாளுக்கு நாள் இளைத்தது. குருவிகள் வடக்கே கிளம்பிக்கொண்டிருந்தன. ஒரு குரல் மட்டும் கடைசி வரைக்கும் போகாமல், மருத மரத்துக்கு எதிர்ப்புதரில் இருந்து இரண்டு வேளையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நின்ற குருவி பதில் சொல்லவில்லை, அசையாதீங்க என்றது தொண்டைக்கும் சேர்த்துத்தானே. ரேஞ்சர் ஹெப்சிபா கடைக்கு வந்து, தேநீரை வைத்துக்கொண்டு, சென்னியப்பனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இமயமலை அடிவாரத்துல போய்த்தான் கூடு கட்டும் சார். அங்க மழை தொடங்குறதுக்குள்ள போகணும். இங்கயே நின்னுட்டா இந்த வெயிலையும் தாங்காது, மழையையும் தாங்காது. நிறுத்தி வெச்சது நீங்க. நாங்க யார் சொன்னாலும் அது கேக்கல. நானே ரெண்டு தடவை ஆச்சுன்னு சொல்லிப் பார்த்துட்டேன்."

அன்று மாலை ஜீப் சங்கம் செக்போஸ்ட் முன்னால் கூடியது. யாரும் கெட்டவர்கள் இல்லை. குருவிக்குப் புழு பொறுக்கிய கைகள்தான் எல்லாம். ஆனாலும் பள்ளிக்கூட லீவு இப்போதுதான் விட்டிருக்கிறது, லீவு முடியட்டுமே, அதுவரை இரண்டு குடையாகப் பிடிப்போமே என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரையும் விட வேகமாகத் தலையாட்டியவன் சென்னியப்பன். அதோடு அவனே ஒரு யோசனையும் சொன்னான்: குருவிக்கு வடக்கே பார்க்க ஆசை இருக்கும், அவ்வளவுதானே, தான் வடக்கே போய்க் கொஞ்ச நாள் இருந்தால் அதுவும் வடக்கே பார்த்தபடி நிம்மதியாக நிற்குமே. சங்கம் அதை ஏற்றது. அவன் கொள்ளேகாலத்தில் இருக்கும் சகலை வீட்டுக்குப் போய், களியும் கீரையும் தின்றுகொண்டு, காலையில் எழுந்ததும் தெற்கே திரும்பி நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஒரு வாரம் போல இருந்துவிட்டு வந்தான்.

அவன் வந்து இறங்கியபோது துளசிமணி கடையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். அது செவ்வாய்க்கிழமை; சுற்றிப்போட்டுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

"எப்படி இருக்குது? வடக்க பாத்துக்கிட்டு நிம்மதியா நின்னுதா?" என்று கேட்டான்.

"நின்னுது" என்றாள். "நேத்துவரைக்கும் அப்படிப் பாத்துது. இன்னைக்கு நீங்க பஸ்ஸுல வர வர, கண்ணு இங்க திரும்பிருச்சு. றெக்கை ரெண்டும் வடக்காலயே இழுக்குதுங்க. கண்ணு ஒரு பக்கம், றெக்கை ஒரு பக்கம். ஒடம்பு கிடுகிடுன்னு நடுங்குது. மேடையில பொண்ணுங்க சிரிச்ச வாக்குலயே, கால் கடுக்குதுண்ணா, போதும்ணான்னு கெஞ்சுவாங்கன்னு நீங்களே சொல்வீங்கல்ல? அப்படி இருக்குது."

"லீவு முடியட்டும்னு சங்கத்துல..."

"சங்கத்தைச் சொல்லாதீங்க. உங்களுக்குத்தான் விட மனசில்லை."

அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கழுத்துக் கேமராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஏம்புள்ள, இத்தனை வருசத்துல என்னைய யாரு பாத்தாங்க?" என்றான். "அது ஒண்ணுதான் பாக்குது. நான் எங்க போனாலும் பாக்குது. அதைப் போன்னு சொல்லிட்டா அப்புறம் எனக்கு யாரு இருக்கறாங்க?"

துளசிமணி மாவு கரைக்கிற கையை நிறுத்தினாள். பிறகு கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, கடைக்குத் தட்டியைச் சாத்திவிட்டு, ரோட்டுக்குப் போய் மாதையனைக் கூப்பிட்டாள். "நாங்களும் வர்றோம். வண்டிய எடு" என்றாள்.

மருத மரத்தருகே அன்றைக்கும் ஜீப்புகள் வரிசையாக நின்றன. சென்னியப்பன் வருகிறான் என்றதும் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கி வழிவிட்டன. விஷயம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, லென்சுகளெல்லாம் மடிக்கு இறங்கின. இத்தனை மாதத்தில் அவன் இங்கே வருவது அதுதான் இரண்டாவது தடவை. தூரத்தில் இருந்து பார்க்கப்படுவதில் இருந்த சுகத்தில், கிட்டே வந்து பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை. இப்போது பார்த்தான். சந்தனம் அப்படியே இருந்தது, குங்குமம் அப்படியே இருந்தது, நீலம் அப்படியே இருந்தது, கால்கள் மட்டும் நடுங்கின. எதிர்ப்புதரில் இன்னொன்று கூப்பிட்டது. சென்னியப்பனுக்கு வெட்கமாக இருந்தது. கையைக் கூப்பி, "ஆச்சுங்க அம்மிணி" என்றான்.

குருவி நகரவில்லை.

"ஆச்சுங்க. போலாமுங்க" என்றான் மறுபடியும். அது அவனையே பார்த்தது. ஜீப்புகளில் ஒரு சலசலப்பு எழுந்தது.

"போட்டோவே எடுக்காம ஆச்சுன்னா அது எப்படிங்க நம்பும்?" என்றாள் துளசிமணி பின்னாலிருந்து.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஊர் உலகமெல்லாம் அதைப் படம் எடுத்திருந்தது, நிறுத்தி வைத்தவன் ஒரு படம் கூட எடுக்கவில்லை. முறை தெரிந்த குருவி. நிற்கச் சொன்னவன் எடுக்கிற வரைக்கும் நிற்பது என்று அது நின்றுகொண்டிருந்தது. சென்னியப்பன் கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினான். கண்ணாடி வழியாக அந்தப் பார்வை கிட்டே வந்து, அவன் முகத்துக்கு நேரே நின்றது. இதை அழுத்தினால் தீர்ந்தது, இனி இப்படி ஒரு பார்வை தனக்குக் கிடையாது என்று அவனுக்குத் தெரிந்தது. விரல் கேட்கவில்லை. எவ்வளவோ தாலி கட்டும் நேரங்களில், கூட்டத்தின் இடியிலும் புகையிலும் ஒரு தடவைகூடப் பிசகாத விரல் அது. அவன் மூச்சை இழுத்துப் பிடித்து, தலையைச் சித்தெ சாய்க்கச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அழுத்தினான்.

கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, "ஆச்சுங்க" என்றான்.

குருவி ஒரு உதறு உதறியது. மாதக்கணக்கில் படிந்த தூசி பொன்போலப் பறந்தது. கழுத்தை இந்தப் பக்கம் ஒடித்து அந்தப் பக்கம் ஒடித்து, ஒற்றைக் காலைத் தூக்கி நீட்டி, மரத்திலிருந்து தரைக்குத் தத்தி, தரையிலிருந்து ஜீப்பின் மூக்குக்குத் தாவி, அங்கேயிருந்து அவன் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. மேடையை விட்டு இறங்குகிற எல்லோரும் கேட்பதைத்தான் அதுவும் கேட்டது. அவன் கேமராவின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். குருவி தன் படத்தை முதலில் ஒரு கண்ணாலும் பிறகு மறு கண்ணாலும் பார்த்தது. திருப்திதான் போலிருக்கிறது. எதிர்ப்புதரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஆறு மணி ஆக இன்னும் நேரம் இருந்தும், தன் பெயர்க்குரலைக் கொடுத்தது. புதரிலிருந்து இன்னொன்று கிளம்பியது. இரண்டும் மூங்கிலுக்கு மேலே ஏறி, பச்சையும் நீலமும் குங்குமமுமாக ஒரு வளையம் சுற்றி, வடக்கே திரும்பின.

அத்தனை ஜீப்புகளிலும் அத்தனை முகங்களும் வானத்தைப் பார்த்தன. மாதையன் அழுதுகொண்டே கைதட்டினான். இனி நம் பிழைப்பு என்னாகும் என்று அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தங்கள் வீட்டுப் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பி வைத்த களைப்பும் நிறைவும்தான் எல்லோர் முகத்திலும் இருந்தது. சென்னியப்பன் மட்டும் மேலே பார்க்கவில்லை. முதுகில் சில்லென்று காற்றுப் பட்டது போலிருந்தது. குருவி இப்போது இமயமலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"ஏனுங்க" என்றாள் துளசிமணி.

திரும்பினான். அவள் ஜீப் படியில் நின்று, தன் போனை இரண்டு கையாலும் பிடித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் மாவு காய்ந்திருந்தது. கண் கலங்கியிருந்தாலும் குரல் மேடைக்காரக் குரலாக இருந்தது.

"தோளை நிமித்துங்க. தாடையைத் தூக்குங்க. இன்னுங் கொஞ்சம். ஆங், அவ்வளவுதான். என்னையவே பாருங்க. அசையாதீங்க."

அவன் நிமிர்ந்தான், தூக்கினான், அவளையே பார்த்தான். போன் க்ளிக் என்றது. படம் எப்படி வந்திருக்கிறது என்று அவள் நிதானமாகப் பார்த்தாள். பிறகு போனை மடியில் செருகிக்கொண்டு, ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, "மாதையா, வண்டிய எடு, மாவு புளிச்சிரும்" என்றாள். ஆச்சு என்று மட்டும் அவள் சொல்லவில்லை. வீடு வரைக்கும் சொல்லவில்லை, அடுத்த நாள் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

இப்போதும் புங்கமடுவுக்கு லென்சுக்காரர்கள் வருகிறார்கள். மாங்குயிலின் வாலை மட்டும் படம் பிடித்துவிட்டு, கடையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் தேற்றிக்கொள்கிறார்கள். சந்தைக்குப் போன துளசிமணியைத் தேடி யாராவது வந்தால், மாதையன் அவர்களைக் காட்டுக்கு அனுப்புவதில்லை. பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போகச் சொல்கிறான். அங்கே மேடைக்கு முன்னால், சவரம் செய்த முகத்தோடு, மணமக்களை நிறுத்தி வைத்துவிட்டு, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஒரு திசையையே பார்த்துக்கொண்டு சென்னியப்பன் நிற்பான். அவன் எந்தப் பக்கம் பார்க்கிறானோ, அந்தப் பக்கமாக நேரே போனால் துளசிமணி இருப்பாள்.